வரிசையில் நின்ற கற்கள்

எங்கள் கடை வாசலில் இப்போது ஓர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். பொத்தானை அமத்தினால் இலக்கம் அச்சடித்த துண்டு வரும். அந்த இலக்கம் மேலே திரையில் தெரிந்ததும் உள்ளே போகலாம். பண்டிகைக் காலத்தில் சனம் வாசலில் முட்டி மோதாமல் இருக்க வாங்கினார்களாம். நல்ல விஷயந்தான். "எங்கள் கடை" என்று எழுதிவிட்டேன், பழக்க தோஷம். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது.

போன கிழமை சாமான் வாங்கப் போனபோது, என் இடத்தில் இப்போது பொறுப்பாக இருக்கும் பிள்ளை அந்த இயந்திரத்தைத் தடவித் தடவிக் காட்டினாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, உந்த மிசின் இல்லாமல் கொரோனா நேரம் எப்பிடிச் சனத்தைச் சமாளிச்சனீங்கள்?"

"கல்லை வைச்சுத்தான்" என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் நின்ற காசாளர்ப் பிள்ளையும் சேர்ந்து சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லாமல் சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சிரித்த பிள்ளைகள் வாசிக்கட்டும்.

என் பெயர் றெஜினா. குருநகரில் பிறந்தவள், அப்பாவுக்குக் கடல்தொழில். இருபத்தொரு வயதில் இந்த மொத்தக் கடையில் சாக்குத் தைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு தராசில் நின்றேன், பிறகு களஞ்சியத்தில் நின்றேன். யுத்தகால இடப்பெயர்வில் பெரிய தராசைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனதும், அதே தராசோடு திரும்பி வந்ததும் தனிக்கதை. கடைசிப் பன்னிரண்டு வருடம் நான்தான் தளப் பொறுப்பாளர். கடைக்குள் எது எங்கே இருக்க வேண்டும், யார் எப்போது உள்ளே வர வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு.

கடையைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழும்புத்துறைக்குப் போகிற வழியில், முன்பு நெல் களஞ்சியமாக இருந்த நீளமான தகரக் கூரைக் கட்டடம். உள்ளே பதினொரு நிரைகள், ஒவ்வொன்றும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். அரிசி, மா, சீனி எல்லாம் சாக்காகவும் எடுக்கலாம், கிலோவாகவும் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் பூசைக்குப் போய்விட்டுப் பிள்ளை குட்டியோடு நேரே இங்கே வந்துவிடும். ஒரு சவர்க்காரம் வாங்குவதற்குப் பதினொரு நிரையையும் இரண்டு தரம் சுற்றுவார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன், அதில்தான் கடை ஓடியது.

மனேச்சர் துரைசிங்கம் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடை திறந்திருக்கும் நேரத்தில் அவர் கதிரையில் இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. நின்றபடி சாப்பிடுவார், நின்றபடி கையெழுத்து வைப்பார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை, ஒன்று தனக்கு, மற்றது இரவல் கேட்கிறவர்களுக்கு. எந்தப் பிரச்சினையைக் கொண்டு போனாலும் முதலில் மூன்று கேள்வி கேட்பார். ஆருக்கு வேணும்? எப்ப வேணும்? ஆர் செய்யிறது? மூன்றுக்கும் மறுமொழி வராமல் ஒரு முடிவும் சொல்லமாட்டார். அரைவாசிப் பிரச்சினைகள் அந்த மூன்று கேள்விக்குள்ளேயே தீர்ந்துபோகும். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடாது, மரியாதை கூடும். வழக்கத்தில் என்னை "றெஜினா பிள்ளை" என்பவர், கோபம் வந்தால் "தாங்கள்" என்று தொடங்கிவிடுவார். அந்தத் "தாங்கள்" காதில் விழுந்தால் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு ஓடிப் போவேன்.

கொரோனா வந்தது. யாழ்ப்பாணம் முழுக்க ஊரடங்குச் சட்டம். மூன்று நாள், நான்கு நாளுக்கு ஒருதரம் காலை ஆறு மணிக்குத் தளர்த்தி, பிற்பகல் இரண்டு மணிக்கு மீண்டும் போடுவார்கள். அந்த எட்டு மணித்தியாலத்துக்குள் ஊரெல்லாம் சாமான் வாங்க வேண்டும். சின்னக் கடைகளில் பலதில் சாமான் முடிந்துவிட்டது. கொழும்பிலிருந்து வரும் லொறி எங்களிடந்தான் வந்தது. ஒரு நேரத்தில் உள்ளே முப்பது பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டார். மீறினால் கடைக்குப் பூட்டு.

அப்போது நான் செய்த ஒழுங்கை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். பிளாஸ்ரிக் அட்டையில் ஒன்று தொடக்கம் முப்பது வரை இலக்கம் எழுதினேன். உள்ளே போகிறவருக்கு ஓர் அட்டை. வெளியே வரும்போது அதை வாளியில் போட வேண்டும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் கொடியில் காயப்போட்டு அடுத்தவருக்குக் கொடுப்போம். அட்டை இல்லாமல் ஆரும் உள்ளே இல்லை. வாசலில் ஒரு பலகையில் பதினொரு நிரையிலும் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக எழுதி வைத்தேன். வெளியே காத்து நிற்கிறவர்கள் தங்கள் சாமான் துண்டை அந்த ஒழுங்கிலேயே எழுத வேண்டும். முதல் நிரையால் போய்ப் பதினோராவது நிரையால் வெளியே வரலாம், திரும்பி நடக்க முடியாது. நிலத்தில் அம்புக்குறி கீறியிருந்தோம். விட்டது விட்டதுதான்.

இதில் ஆருக்கும் சலுகை இல்லை. என் கணவர் இரண்டாம் நிரையில் தேயிலையை மறந்துவிட்டு நான்காம் நிரையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். நான் அம்புக்குறியைக் காட்டினேன். நான்கு நாள் வீட்டில் மல்லித் தண்ணீர் குடித்தோம். அந்த நான்கு நாளும் அவர் என்னோடு கதைத்தது மிகக் குறைவு. ஆனால் கடை முழுக்க இந்தக் கதை பரவி, அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் "ஒருக்காத் திரும்பிப் போகட்டே" என்று கேட்கவில்லை.

இனிக் கல்லுக்கு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை. ஒன்றரை மணியாகிவிட்டது, வெளியே இன்னும் நூற்றுக்கு மேல் சனம். இரண்டு மணிக்கு எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டும். பொலிஸ்காரர் வந்து கலைந்து போகச் சொன்னார். விடியற்காலை தொடக்கம் வெயிலில் நின்ற சனம், எப்படிப் போகும்? ஒரு மனுசி அழத் தொடங்கிவிட்டாள். நான் வாசற்படியில் ஏறி நின்று உரக்கச் சொன்னேன்.

"உங்கடை இடத்திலை ஏதாவது ஒரு அடையாளத்தை வைச்சிட்டுப் போங்கோ. வியாழக்கிழமை விடிய அதே இடத்திலை இருந்து துவங்குவம். ஆற்றை இடமும் போகாது. இது என்ரை வாக்கு."

சனத்துக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் இதே ஊர்ச் சனம் கல்லையும் எண்ணெய்க் கானையும் வரிசையில் வைத்துவிட்டுப் போய்ச் சமைத்து, சாப்பிட்டு, பிள்ளையைக் குளிக்க வார்த்துவிட்டு வந்து நின்ற சனம். கல் நின்றால் ஆள் நின்ற மாதிரி, அதில் ஆரும் கை வைக்கமாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் கல், செங்கல், வாளி, பை, பழைய செருப்பு என்று வீதியோரம் நீளத்துக்கு அடையாளம் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மணிக்கு வீதியில் ஒரு காகமும் இல்லை, அந்தக் கற்கள் மட்டும் வரிசையாக நின்றன.

புதன்கிழமை நான் பிழை விட்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

அடுத்த நாள் திறப்பதற்காக அனுமதிப் பத்திரத்தோடு நாங்கள் ஆறு பேர் உள்ளே பருப்பும் சீனியும் நிறுத்துப் பை கட்டிக்கொண்டிருந்தோம். வெளியே ஒரு மீற்றர் இடைவெளியில் வெள்ளை வட்டம் கீற வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லியிருந்தார். களஞ்சியத்தில் வேலை செய்த நிரோஷன் பெயின்ற் வாளியோடு வந்து, "அக்கா, வெளியிலை குப்பையாக் கிடக்கு. என்ன செய்ய?" என்று கேட்டான். நான் தராசிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னேன்.

"எல்லாத்தையும் வழிச்சு ஒரு பக்கம் போட்டிட்டு வட்டத்தைக் கீறு தம்பி."

இருபத்தாறு வயதுக்காரன். மண்ணெண்ணெய் வரிசை கண்டவனில்லை. திங்கட்கிழமை அவன் பின் களஞ்சியத்தில் நின்றதால் நான் சொன்னதையும் கேட்கவில்லை. அவனுக்குக் கல் என்றால் கல்தான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் "குப்பை" என்று சொன்னபோது என்ன குப்பை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்கு நான் வந்து இறங்கியபோது, நூற்றைம்பது வெள்ளை வட்டம் பளிச்சென்று இருந்தது. மதிலோரம் இடுப்பளவுக்கு ஒரு குவியல். கல், செங்கல், வாளி, செருப்பு எல்லாம் ஒன்றாக. மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஆறு மணிக்குச் சனம் வந்தது. முதலில் வந்தவர்கள் குவியலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு வந்தவர்கள் குவியலுக்குள் இறங்கித் தங்கள் கல்லைத் தேடத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஆள் தட்டுப்பட்டுச் சத்தம் எழும்பியது. ஒரு மீற்றர் இடைவெளியெல்லாம் காற்றில் போய்விட்டது. சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு வந்தார்.

"பத்து நிமிசம் தாறன். இந்தச் சனம் விலகி நிக்காட்டில் நான் கடையைப் பூட்டத்தான் வேணும். எனக்கு வேறை வழியில்லை" என்றார்.

அவர் சொன்னது நியாயந்தான். கடை பூட்டினால் அடுத்த திறப்பு திங்கட்கிழமை. அதுவரைக்கும் இந்தச் சனம் எதைச் சாப்பிடும்? அதைவிட, கைக்குழந்தைகளின் பால்மா அந்தப் பகுதியில் எங்களிடம் மட்டுந்தான் இருந்தது. அதுவும் கொஞ்சம்.

துரைசிங்கம் ஐயாவிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். வழிக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சனத்துக்கு வாக்குக் குடுத்தது தாங்கள்தானே?" என்றார்.

"ஓம் ஐயா."

"அப்ப தாங்களே போய் அதைக் காப்பாத்துங்கோ. நான் பரிசோதகரோடை கதைச்சு இன்னும் கொஞ்ச நேரம் வாங்கித் தாறன்."

வெளியே வந்தேன். என்ன செய்வதென்று சத்தியமாகத் தெரியாது. வாசற்படியில் ஏறி நின்று "எல்லாரும் குவியலை விட்டு வெளியிலை வாங்கோ" என்று கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள்தான் சைக்கிள் திருத்துகிற செல்லத்துரை அண்ணை நிரோஷனின் முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"எனக்கு முன்னாலை பச்சை வாளி! எனக்குப் பின்னாலை ஓட்டைக் கல்லு! நடுவிலை என்ரை அரைச் செங்கல்! எனக்குத் தெரியாதே என்ரை இடம்?"

அதைக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்தது. இலக்கம் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தனக்கு முன்னால் என்ன நின்றது, பின்னால் என்ன நின்றது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். அரை நாள் வெயிலில் நின்றவன் அதை மறக்கமாட்டான். வரிசை குவியலுக்குள் இல்லை, சனத்தின் தலைக்குள் அப்படியே இருந்தது.

"முதலாவது ஆர்?" என்று கேட்டேன். அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். அவரை முதல் வட்டத்தில் நிற்பாட்டினேன்.

"உங்களுக்குப் பின்னாலை என்ன?"

"மூடியில்லாத மாச் சாடி."

"மாச் சாடி ஆற்றை?"

ஒரு கை உயர்ந்தது. "உங்களுக்கு முன்னாலை என்ன?" என்று அவரிடமும் கேட்டேன். சரியாகச் சொன்னார். இரண்டாவது வட்டம். முன்னாலும் பின்னாலும் ஒத்துவந்தால்தான் வட்டம். நிரோஷன் குவியலில் இருந்து அந்தந்தச் சாமானை எடுத்து வந்து அவரவர் காலடியில் வைத்தான். அடையாளம் கூப்பிடப்படாதவர்கள் எதிர்ப்பக்கம் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும் என்றேன். தங்கள் முறை வரும் என்று தெரிந்ததும் சனம் தானாக விலகி நின்றது. பரிசோதகர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

சங்கிலி மாதிரி வந்தது. ஒரே கல்லுக்கு இரண்டு பேர் அடிபட்டார்கள், விசாரித்தால் அப்படி இரண்டு கல். ஒருவர் வழுவழுப்பான நல்ல கல் ஒன்றைக் காட்டித் தன்னுடையது என்றார்.

"பின்னாலை என்ன நிண்டது?"

"சிவப்பு வாளி."

குவியலில் சிவப்பு வாளியே இல்லை. சனம் ஓவென்று சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கடைசிக்குப் போய்விட்டார்.

செல்லத்துரை அண்ணையின் முறை வந்தது. "பின்னாலை ஓட்டைக் கல்லு" என்றார். நிரோஷன் அதை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்தான். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் துளையிட்ட நங்கூரக் கல். என் அப்பாவின் வள்ளத்திலும் இப்படி ஒன்று இருந்தது. கயிறு ஓடி ஓடித் துளையின் விளிம்பு மழுங்கியிருந்தது. யாரோ கடல்தொழிலாளி.

"ஓட்டைக் கல்லு ஆற்றை?"

ஒரு கையும் உயரவில்லை. மறுபடி கேட்டேன். இல்லை. எனக்குப் பயம் பிடித்தது. இந்த இடத்தில் சங்கிலி அறுந்தால் அடுத்தவர் ஆர் என்று ஆரைக் கேட்பது? பின்னால் இன்னும் எண்பது, தொண்ணூறு பேர்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை கை தூக்கினாள். முப்பது வயதிருக்கும். பெயர் செல்வி, அரியாலையில் தையல் வேலை செய்கிறவள் என்று பிறகுதான் அறிந்தேன்.

"நான் நீலக் கான் அக்கா. எனக்கு முன்னாலை ஓட்டைக் கல்லுத்தான் நிண்டது."

கல்லுக்கு ஆளில்லை என்று அவள் அந்த வட்டத்துக்கே முன்னுக்கு வந்திருக்கலாம். ஆரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவள் அந்தக் கல்லை ஒரு வட்டத்தில் விட்டு, அடுத்த வட்டத்தில் போய் நின்றாள். சங்கிலி மறுபடி ஓடத் தொடங்கியது. கடைசி ஆளை நிற்பாட்டி முடிக்க ஏழு மணியாகவில்லை. பரிசோதகர் ஒன்றும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வரிசை நகர்ந்தது. முன்னால் ஒரு வட்டம் காலியாகும் ஒவ்வொரு முறையும் செல்வி குனிந்து அந்தக் கல்லை உருட்டி முன்னுக்கு விட்டுவிட்டுத்தான் தான் நகர்ந்தாள். ஒரு தரமும் தாண்டவில்லை.

ஒன்பது மணியளவில் கல் வாசலுக்கு வந்துவிட்டது. அதே நேரம் உள்ளேயிருந்து நிரோஷன் ஒரு விரலைக் காட்டினான். குழந்தைப் பால்மா இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. செல்வியின் கையில் பிள்ளையின் கிளினிக் அட்டை இருப்பதை நான் கண்டேன். தங்கச்சி பிள்ளை பெற்று வருத்தமாகி ஆசுப்பத்திரியில் கிடக்கிறாள், கைக்குழந்தை தன்னிடம் என்றாள்.

"அப்ப நீங்கள் போங்கோ பிள்ளை" என்று உள்ளே போகிற அட்டையை நீட்டினேன். "வராத ஆளுக்கு நான் என்ன செய்யிறது?"

தன் அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைக்கப் போன செல்லத்துரை அண்ணை நின்றார்.

"பொறுங்கோ பிள்ளை. அந்தக் கல்லு யூட்டின்ரை. பிந்தி வருவான் எண்டு அப்ப சொல்லாமல் விட்டிட்டன், இப்பத்தான் வரிசையிலை ஆக்கள் சொல்லிச்சினம். எங்கடை வீதிக்கு அடுத்த சின்ன ஒழுங்கை. நேற்றுப் பின்னேரம் கொரோனா வருத்தக்காரர் இருக்கினம் எண்டு அவையின்ரை ஒழுங்கையை மூடிப்போட்டினம். அவனுக்கும் ஒரு மாதப் பிள்ளை இருக்கு."

அவரிடம் தொலைபேசி இலக்கம் இருந்தது. எடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிப் பிடித்தார்.

"டேய் யூட், உன்ரை கல்லு வாசலிலை நிக்குதடா. பிள்ளைக்குப் பால்மா எத்தினை நாளைக்குக் கிடக்கு?"

அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. "இண்டைக்கு ராவைக்கு மட்டும் காணும் அண்ணை. என்னை வெளியிலை விடமாட்டினமாம்."

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் தன் கையிலிருந்த கிளினிக் அட்டையைப் பார்த்தாள்.

"என்னட்டைச் சனிக்கிழமை வரைக்கும் இருக்கு அக்கா. அவருக்குக் குடுங்கோ. அந்தக் கல்லு எனக்கு முன்னாலை நிண்டது. திங்கட்கிழமை முழுக்கப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவள் அழவில்லை, சிரிக்கவுமில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. வாக்குக் கொடுத்தவள் நான், அதை நினைவு வைத்திருந்தவள் அவள்.

துரைசிங்கம் ஐயாவிடம் போனேன். வழக்கப்படி கேட்டார். ஆருக்கு வேணும்? சொன்னேன். எப்ப வேணும்? ஒன்று இன்றைக்கு, மற்றது சனிக்கிழமைக்கு. ஆர் செய்யிறது?

"நான் ஐயா. அந்தத் தம்பியின்ரை சாமானை நானே எடுத்துக் கட்டுறன். மூடின இடத்துக்குச் சாமான் கொண்டுபோக அந்த ஊர் விதானையாருக்கு அனுமதி இருக்கு, அவரிட்டைக் குடுத்துவிடலாம். சனிக்கிழமை கொழும்பு லொறி வரும், அந்தப் பிள்ளையின்ரை பால்மாவையும் நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அவர் தலையாட்டினார். பிறகு ஒன்று சொன்னார், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அட்டையில்லாமல் ஆரும் உள்ளுக்கு இல்லை எண்டு சொன்னது நீங்கள்தானே? அப்ப கல்லுக்கு ஒரு அட்டை குடுங்கோ, றெஜினா பிள்ளை."

"நீங்கள்" என்றுவிட்டார். கோபம் தீர்ந்துவிட்டது என்று அதில் அறிந்தேன். பதினேழாம் இலக்க அட்டையைக் கல்லின் துளைக்குள் சணல் கயிற்றால் கட்டிவிட்டேன். சனம் கை தட்டியது. யூட் தொலைபேசியில் சொல்லச் சொல்லச் செல்வி துண்டு எழுதினாள். அதை வாங்கிக்கொண்டு முதலாம் நிரையால் உள்ளே போனேன்.

அந்தக் கடையில் அத்தனை வருடம் வேலை செய்தும், வாங்குகிற ஆளாக ஒரு வண்டிலைத் தள்ளிக்கொண்டு நான் அம்புக்குறிப்படி நடந்தது அன்றுதான். எல்லாக் கண்ணும் என் மேல். அந்தப் பதற்றத்தில் ஏழாம் நிரைக்கு வந்து துண்டைச் சரிபார்த்தால், தேயிலை எடுக்கவில்லை. திரும்பினேன். திரும்பிய இடத்தில் ஒரு மனுசன் வண்டிலோடு நின்றுகொண்டு, மிக மரியாதையாக நிலத்திலிருந்த அம்புக்குறியைக் காட்டினார்.

"விட்டது விட்டதுதான் அக்கா."

தேயிலை இல்லாமலே வெளியே வந்தேன். பால்மாவும் மற்றச் சாமானும் பகல் பன்னிரண்டு மணிக்கு முதல் யூட்டின் ஒழுங்கைக்குப் போய்விட்டது. சனிக்கிழமை லொறி வந்தது. நானும் நிரோஷனும் பால்மாவைக் கொண்டுபோய் அரியாலையில் செல்வியின் கையில் கொடுத்தோம். தகரப் பேணியில் கடைசி இரண்டு கரண்டிதான் மிச்சம் இருந்ததாம். நிரோஷன் அதற்குப் பிறகு வரிசையில் கிடந்த ஒரு பிய்ந்த செருப்பைக்கூட என்னைக் கேட்காமல் தொட்டதில்லை.

கல் எங்களிடமே நின்றுவிட்டது. சோளகக் காற்றுக்குக் கடைக் கேற் அடித்து அடித்துச் சாத்தும். அதற்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன்.

அந்த ஒழுங்கையைத் திறந்து, கடலுக்குப் போக விட்ட பிறகு ஒருநாள். வரிசை இன்னும் இருந்தது, ஆனால் நீளம் குறைந்துவிட்டது. வெயில் கறுத்த ஒரு பெடியன் தன் முறை வந்து என் முன்னால் நின்றான். கையில் பையும் இல்லை, துண்டும் இல்லை.

"என்ன தம்பி எடுக்கப் போறீர்?"

"ஒண்டும் வேண்டாம் அக்கா. உந்தக் கல்லு என்ரை. நாளைக்குத் தொழிலுக்குப் போறன், அதைக் கொண்டுபோக வந்தனான்."

யூட். குரலை மட்டும் கேட்டிருந்தேன், ஆளை அன்றுதான் கண்டேன். திங்கட்கிழமை கரையில் கட்டியிருந்த வள்ளத்திலிருந்து கல்லைக் கழற்றிச் சைக்கிளில் கொண்டுபோகும் வழியில் வரிசையைக் கண்டு நின்றானாம். அடையாளம் வைக்க வேறொன்றும் இல்லாமல் அதையே வைத்துவிட்டுப் போனானாம். பிள்ளை சுகமா என்று கேட்டேன். கொழுத்துவிட்டாள் என்றான்.

"எல்லாம் ஒழுங்கா வந்தது அக்கா. தேயிலை மட்டும் வரேல்லை" என்று சிரித்தான்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கதையை மாற்றுவதற்காகக் கேட்டேன்.

"கல்லெடுக்க வந்த நீர் ஏன் ஒரு மணித்தியாலம் வெயிலுக்குள்ளை வரிசையிலை நிண்டனீர்? நேரை வந்து கேட்டிருக்கலாமே?"

அவன் கல்லைக் குனிந்து தூக்கித் தோளில் வைத்தான்.

"என்ரை கல்லே ஒழுங்கா வரிசையிலை நிண்டு வந்ததாம். நான் இடையிலை பூரலாமே அக்கா?"

"கொஞ்சம் பொறும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பதினோராவது நிரையால் நுழைந்து, எல்லா அம்புக்குறிக்கும் எதிராக, இரண்டாம் நிரை வரைக்கும் நடந்து, ஒரு பைக்கற் தேயிலை எடுத்து வந்து அவன் சட்டைப் பைக்குள் வைத்தேன். முப்பத்துமூன்று வருட வேலையில் நான் மீறிய ஒழுங்கு அது ஒன்றுதான். என் கணவருக்கு இதுவரை சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் அறியப்போகிறார்.